ஆற்றைத் தாண்டி விட்ட பூனை

இரண்டு வருடங்களுக்கு முந்தைய தை மாதம் அது. முகூர்த்தங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் என் தையல் கடை. கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. இரண்டு மெஷின், துணி வெட்ட ஒரு மேசை, தைத்து முடித்த பிளவுஸ்களைத் தொங்கவிட ஒரு கம்பி. தை மாதத்தில் எனக்குச் சாப்பிட நேரம் இருக்காது, கணவரோடு சண்டை போடக்கூட நேரம் இருக்காது.

அந்த நெருக்கடியில்தான் அந்தப் பூனை குறுக்கே வந்தது. கறுப்பும் வெள்ளையுமாக, பாதியில் நின்றுபோன கட்டை வாலோடு இருக்கும். நாங்கள் அதை வளர்த்தோம் என்று சொல்ல முடியாது. ஒரு மழைக்காலத்தில் தானாக வந்தது, கணவர் பாவம் பார்த்துக் கொஞ்சம் மோர்ச்சோறு வைத்தார், அன்றிலிருந்து பட்டா எழுதி வாங்கியதைப் போல வீட்டுக்குள் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அதற்குப் பிடித்த இடம் நான் வெட்டி அடுக்கி வைத்திருக்கும் துணிக் குவியல். விரட்டினால் இறங்கிப் போகும். நான் ஊசியில் நூல் கோத்து நிமிர்வதற்குள் திரும்ப வந்து படுத்திருக்கும்.

ஒருநாள் என் பழைய வாடிக்கையாளர் ஒருவர் பட்டு பிளவுஸைத் திருப்பிக் கொண்டுவந்தார். உள்தையல் முழுக்கப் பூனை முடி. அவர் வீட்டில் குழந்தைக்கு வீசிங் தொந்தரவு உண்டு. அவர் கத்தியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ரொம்ப மரியாதையாக, இனிமேல் வேறு இடத்தில் தைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்குத் தொழிலில் ரோஷம் அதிகம். அன்றைக்கே பூனையைக் கொண்டுபோய் விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கத்தில் இதற்கு ஒரு முறை இருக்கிறது. பூனையைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, வழி தெரியாதபடி கொண்டுபோக வேண்டும். ஆற்றைத் தாண்டி விட்டால் திரும்பி வராது என்பார்கள். விடுகிற இடத்தில் மீனும் இருந்துவிட்டால் விட்டவர்களுக்குப் பாவமும் சேராது. எங்கள் ஊர்க்காரர்களுக்கு இரண்டும் ஒரே வழியில் அமைந்திருக்கின்றன. கெடிலம் பாலத்தைத் தாண்டி, கடலைப் பார்த்துப் போனால் தேவனாம்பட்டினம். படகு, மீன், கருவாடு, ஒரு பூனைக்கு வேறென்ன வேண்டும்? கணவருக்கு மனசில்லை. நம் வீட்டு மோர்ச்சோற்றுக்கு அங்கே ராஜ வாழ்க்கை என்று பேசிப் பேசி அவர் வாயை அடைத்தது நான்தான்.

ஒரு சனிக்கிழமை. மறுநாள் காலை சிதம்பரத்தில் நாத்தனார் வீட்டுக் கிரகப்பிரவேசம். பஸ் ஏறுவதற்கு முன் இந்த வேலையை முடித்துவிடலாம் என்று விடிந்ததும் சாக்கை எடுத்தேன். கருவாட்டுத் துண்டு ஒன்றை உள்ளே போட்டு அழைத்தேன், நம்பி வந்தது. நான் ஸ்கூட்டி ஓட்ட, கணவர் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். தெரு முனையிலிருந்தே கத்த ஆரம்பித்தது. இத்தனை நாளில் அது அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. பாலத்தின்மேல் போகும்போது அடித்தொண்டையிலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிவிடலாமா என்று கணவர் என் தோளைத் தொட்டார். நான் வண்டியை நிறுத்தவில்லை.

கடற்கரையில் வலை காயப்போட்டிருந்த இடத்துக்குப் பக்கத்தில் சாக்கை அவிழ்த்தோம். பிய்த்துக்கொண்டு ஓடும் என்று நினைத்தேன். அது நின்று எங்களைப் பார்த்தது, பிறகு நாங்கள் வந்த சாலையைப் பார்த்தது. நாங்கள் கிளம்பிவிட்டோம். வீட்டுக்கு வந்ததும், அது வழக்கமாக ஏறி வரும் பின்பக்க ஜன்னலில் ஓர் அட்டையை வைத்து ஆணி அடிக்கச் சொன்னேன். பதினோரு மணி பஸ்ஸில் சிதம்பரம் போய்விட்டோம்.

அன்று இரவு அங்கேயே தங்கல். மறுநாள் விசேஷத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது இதை ஒரு கதையாகவே எடுத்துவிட்டேன். ஆளுக்கொரு பூனைக் கதை வைத்திருந்தார்கள். காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த ஒரு பெரியப்பா, தான் ரைஸ்மில்லில் கொண்டுபோய் விட்ட பூனை, தான் டவுன் பஸ் பிடித்து வீடு வருவதற்குள் வந்து வாசலில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். நாய்க்கு ஆள்மேல் பாசம், பூனைக்கு வீட்டுமேல்தான் பாசம் என்று இன்னொருவர் முடித்துவைத்தார். எல்லோரும் சிரித்தோம். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது நான். ஞாயிறு சாயங்காலம் வீடு திரும்பியபோது துணிக் குவியல் வைத்தது வைத்தபடி இருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை மெஷினை நிறுத்தி நூல் மாற்றும்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. எண்ணெய் இல்லாத கதவுக் கீல் போல மெல்லிய சத்தம். பரணிலிருந்து வந்தது. அங்கே நான் வெட்டுத்துணிகளைப் போட்டு வைக்கும் மூட்டை இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி மூட்டையை விலக்கினேன். லைனிங் துணித் துண்டுகளுக்கு நடுவே மூன்று குட்டிகள். கண்கள் அப்போதுதான் கீறல் போலத் திறக்க ஆரம்பித்திருந்தன. ஒன்று விறைத்துப் போயிருந்தது. இன்னொன்று வாயைத் திறந்தது, குரல் வரவில்லை. மூன்றாவதுதான் கத்திக்கொண்டிருந்தது.

ஸ்டூலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. அளவு கொடுக்க வருகிற பெண்ணின் இடுப்பைப் பார்த்தே, மாமியாருக்குத் தெரிவதற்கு முன்னால் விசேஷமா என்று கேட்டுவிடுகிறவள் நான். தெருவில் அதற்குப் பேர் வாங்கியவள். என் காலடியில் கிடந்த பூனையின் வயிறு பெருத்ததும், பிறகு ஒட்டிப்போனதும் என் கண்ணில் படவில்லை. நாலு வீட்டில் தின்று கொழுக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருண்டுவிட்டதாக நினைக்கும் என்று நாம்தான் அதைக் கேலி செய்கிறோம்.

இரண்டு குட்டிகளையும் அட்டைப்பெட்டியில் துணி விரித்து வைத்து, கணவர் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். பசும்பால் ஒத்துக்கொள்ளாது என்றும், குட்டிகளுக்கென்று இருக்கிற பவுடரைக் கரைத்து இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை டிராப்பரில் விடச் சொல்லியும், பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைக்கச் சொல்லியும் டாக்டர் அனுப்பினார். தாய்ப்பூனை கிடைத்தால் இரண்டுமே பிழைக்கலாம், இல்லாவிட்டால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றாராம். நான் அதற்குள் தேவனாம்பட்டினத்தில் இருந்தேன்.

வலை காய்ந்த இடத்தில் ஒரு மீன்கார அக்கா கூடையில் சங்கரா மீனைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தார். கட்டை வால் பூனை ஒன்றைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். எப்போது தொலைந்தது என்றார். எனக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான்தான் கொண்டுவந்து விட்டேன் என்றேன். கையிலிருந்த மீனைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"டவுன்ல இருக்கறவங்க எல்லாரும் இதத்தாம்மா பண்றீங்க. மீனு கெடக்குது, பொழச்சுக்கும்னு கொண்ணாந்து வுட்டுட்டுப் போயிடறீங்க. மீனெல்லாம் ஐஸ் பொட்டியில ஏறிப் போயிடுது. இங்க கெடக்கறது நாயிங்கதான். வர்ற பூனைல பாதி மறுநாளு இருக்கறதில்ல. அத நாங்கதான் பாக்கறோம், நீங்க பாக்கறதில்ல."

வீட்டில் குட்டிகள் இருப்பதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. கூடையை மூடிவைத்துவிட்டு என்னோடு எழுந்து வந்தார். வலைக் கொட்டகை, ஐஸ் உடைக்கிற இடம், கவிழ்த்துப் போட்டிருந்த பழைய படகுகளின் அடி என்று குனிந்து குனிந்து பார்த்தோம். நர்சிங் படிக்கிற அவர் மகள், தங்கள் தெரு வாட்ஸ்அப் குரூப்பில் கட்டை வால் பூனையின் அடையாளத்தைப் போட்டுவிட்டாள். குட்டிகளுக்குப் பால் விட்டதும் ஈரப் பஞ்சால் அடிவயிற்றைத் துடைத்துவிட வேண்டும், தாய் நக்கிவிட்டால்தான் அவை மூத்திரம் போகும் என்று போனில் தேடிப் படித்து எனக்குச் சொன்னதும் அவள்தான். முன்பின் தெரியாதவர்கள். அதிலும் நான் செய்த காரியம் தெரிந்தவர்கள்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த அக்கா போன் செய்தார். கொட்டகைக்குப் பின்னால் கறுப்பு வெள்ளைப் பூனை ஒன்று பதுங்கியிருக்கிறது, ஓடி வா என்றார். போட்டது போட்டபடி ஓடினேன். அது வேறு பூனை. முழு வால் இருந்தது. கழுத்தில் யாரோ கட்டிய சிவப்பு ரிப்பன்கூட அப்படியே இருந்தது. எந்த வீட்டுச் சாக்கில் வந்ததோ, மனிதர் பக்கத்தில் வந்தாலே நடுங்கியது. நான் வீடு திரும்பியபோது குரல் வராத குட்டி இறந்திருந்தது. கணவர் டிராப்பரைக் கையில் பிடித்தபடி பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அன்று சாயங்காலம் அந்த அக்காவுக்குப் போனில் விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்.

"நீ வுட்ட எடத்துலயே தேடிக்கினு இருக்கறம்மா. பெத்தது எங்க கெடக்குதோ அங்கதான அது ஓடும். வர்ற வழியெல்லாம் கேட்டுப் பாரு."

அது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு நாளாக அந்தப் பாலத்தின்மேல் போய் வந்துகொண்டிருந்தேன். ஒருமுறைகூட ரோட்டைப் பார்க்கவில்லை. புதன்கிழமை காலை ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே தேவனாம்பட்டினத்திலிருந்து நடந்தேன். டீக்கடை, பஞ்சர் கடை, பூ விற்கிறவர்கள் என்று எல்லோரிடமும் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பாலத்தில் எங்கள் பக்கம் இறங்குகிற இடத்தில் ஒரு துப்புரவுத் தொழிலாளி அம்மா பெருக்கிக்கொண்டிருந்தார். அவரிடமும் கேட்டேன். துடைப்பத்தை ஓரமாகச் சாத்தி வைத்தார்.

"கட்ட வாலுதான? ஞாயித்துக்கெழம விடியக்கால நான்தாம்மா எடுத்தேன். வண்டி அடிச்சிருக்குது. மடியெல்லாம் பாலு கட்டிக் கல்லு மாரி இருந்துச்சு. எங்கயோ குட்டிங்க இருக்குது போலன்னு நெனச்சேன். குப்ப வண்டில போட மனசு வரல, ஆத்தோரமா பொதச்சுட்டேன்."

அவர் காட்டிய இடம் தார் ரோட்டில் ஒரு கறையாக இருந்தது. அங்கிருந்து எங்கள் தெரு பத்து நிமிட நடை. சனிக்கிழமை காலையில் விட்டோம். சாக்குக்குள் கிடந்து வந்த வழியை, நாய்களுக்கும் லாரிகளுக்கும் தப்பி ஒரே நாளில் கண்டுபிடித்து, ஆற்றையும் தாண்டிவிட்டிருக்கிறது. நான் சிதம்பரத்தில் பந்திக்குக் காத்துக்கொண்டு சிரித்தபோது அதை மண்ணில் மூடியாகிவிட்டது. இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்தப் பத்து நிமிடத்தையும் அது கடந்து வந்திருந்தால் ஜன்னலில் அட்டை இருந்திருக்கும். உள்ளே குட்டிகள் கத்துவதைக் கேட்டுக்கொண்டு வெளியே நின்றிருக்கும். எது குறைந்த கொடுமை என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து போய்ப் பின்பக்க ஜன்னலில் அடித்த ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

மூன்றாவது குட்டி பிழைத்துக்கொண்டது. எப்படி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. டிராப்பர், வெந்நீர் பாட்டில், ஈரப் பஞ்சு என்று மாசி முழுக்க ஓடியது. பாதி வாடிக்கையாளர்களுக்குச் சொன்ன தேதியில் துணி கொடுக்கவில்லை. இப்போது துணிக் குவியலை ஒரு பழைய புடவையால் மூடி வைக்கிறேன். தைத்து முடித்ததை உடனே கவரில் போட்டுவிடுகிறேன். ஒரு முடிகூட ஒட்டுவதில்லை. ஒரு பழைய புடவையில் தீர்ந்துபோகிற பிரச்சினைக்குத்தான் நான் சாக்கைத் தேடினேன். எங்கள் தெருவில் திரிகிற பெண் பூனைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் கருத்தடை செய்ய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறோம், கூடையில்தான். யாராவது பூனையை எங்காவது கொண்டுபோய் விடலாமா என்று பேச்சை எடுத்தால், முதலில் அவர்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பார்த்துவிட்டு வருகிறேன். பைத்தியம் என்கிறார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும்.

அந்தக் குட்டி வளர்ந்து பெரிதாகிவிட்டது. நான் மெஷினை நிறுத்தினால் போதும், மடியில் ஏறி, முன்னங்கால்களால் என் வயிற்றை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டு, பால் குடிக்கிற நினைப்பில் என் புடவைத் தலைப்பைச் சப்பும். தன் தாயைச் சாக்கில் கட்டிக் கொண்டுபோனவள் மடியில்தான் படுத்திருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. அது கண்ணயரும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பதைத் தவிர நான் வேறு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று எனக்கும் தெரியவில்லை.