ஹோங்டோவில் படகு வராத வெள்ளிக்கிழமை

வியாழன், காலை ஏழு ஐம்பது. தென்கொரியாவின் மோக்போ துறைமுகம். இங்கிருந்து ஹோங்டோ என்கிற தீவுக்கு நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர். வேகப் படகில் இரண்டரை மணி நேரம். ஆளுக்கு ஒருவழிக் கட்டணம் நாற்பத்தைந்தாயிரம் வான், நம் காசில் மூவாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. டிக்கெட் கொடுத்த பெண் எங்கள் பாஸ்போர்ட்டை வாங்கிப் பெயரை எழுத்தெழுத்தாகத் தட்டினாள். எதற்கு இவ்வளவு கவனம் என்று எங்களைக் கூட்டிவந்த ரியாஸிடம் கேட்டேன்.

"படகுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா உள்ள யாரு யாரு இருந்தாகன்னு தெரியணும்லம்மா" என்றான்.

ஏன்தான் கேட்டோமோ என்றிருந்தது.

மதுரை கே.கே. நகரில் இருபத்தாறு வருடமாகக் குடியிருக்கிறேன். நான் பார்த்த பெரிய தண்ணீர் என்றால் தெப்பக்குளம்தான். எங்கள் மகன் கார்த்தி பூசானில் கப்பல் கட்டும் ஆலையில் வேலை பார்க்கிறான். அவனோடு ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாமென்று நானும் என் வீட்டுக்காரரும் போயிருந்தோம். அந்தச் சமயத்தில் சூசோக் வந்தது. கொரியர்கள் அறுவடை முடிந்து செத்துப்போன முன்னோருக்குப் படையல் போடும் பண்டிகை அது. மூன்று நாள் விடுமுறை. ஆலையில் இருக்கும் நம்மூர்ப் பையன்கள் பதினொரு பேர் சேர்ந்து தீவுக்குப் போக ஏற்பாடு செய்தார்கள். கடைசி நேரத்தில் கார்த்திக்கு மட்டும் வேலை போட்டுவிட்டார்கள். "ரியாஸ் இருக்கான், போயிட்டு வாங்க" என்று எங்களை ஏற்றிவிட்டான். ரியாஸ் மதுரை தெற்குவாசல் பிள்ளை. ஆறு வருடமாக அங்கே இருப்பதால் கொரிய மொழி தண்ணீர்பட்ட பாடு.

என் வீட்டுக்காரர் தங்கப்பாண்டி உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தவர். அவருக்குப் பயம் என்பதே கிடையாது. படகின் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு, "இம்புட்டுத் தண்ணியையும் பாரு புள்ள. ஒரு ஏக்கருக்கு ஆகாது" என்று வருத்தப்பட்டார்.

அவருக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். அதற்காகவே என் கைப்பையில் எப்போதும் தேன்மிட்டாய் கிடக்கும். அன்று படகு ஆட்டிய ஆட்டத்தில் பையன்கள் வரிசையாக வாந்தி எடுத்தார்கள். வாய்க்கு இதமாக இருக்கட்டுமென்று மிட்டாயை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்தேன். ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவில்லை. அதற்காக இன்றுவரை என்னை நானே திட்டிக்கொண்டிருக்கிறேன்.

பத்தரைக்கு ஹோங்டோ. செக்கச்செவேலென்று பாறைகள் கடலிலிருந்து நெட்டுக்குத்தாக எழுந்து நின்றன. அழகு என்றுதான் எல்லாரும் படம் எடுத்தார்கள். எனக்கு அங்கிருந்து ஓடிப்போக வழியில்லை என்பதுதான் முதலில் கண்ணில் பட்டது. தீவில் கார் கிடையாது, சாலையும் கிடையாது. மூட்டை முடிச்சுக்கு மூன்று சக்கர வண்டி, மனிதர்களுக்குப் படிக்கட்டு. படகுத்துறையிலிருந்து நாங்கள் தங்கிய வீட்டுக்கு நூற்று நாற்பது படிகள், எண்ணிக்கொண்டே ஏறினேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். தனியாள். ரியாஸ் அவரை 'இமோ' என்று கூப்பிட்டான், சித்தி என்று அர்த்தமாம். அறை வாடகை இருவருக்கு எழுபதாயிரம் வான். புரட்டாசி மாதம் என்பதால் நாங்கள் இருவரும் கவுச்சி தொடுவதில்லை. பூசானிலிருந்து புளியோதரை கட்டிக்கொண்டு போயிருந்தேன். நாலு வேளைக்கு வருமென்று நினைத்தது. வீட்டுச் சாப்பாட்டுக்கு ஏங்கிக் கிடந்த பையன்கள் அன்று மாலையே பாத்திரத்தை வழித்துவிட்டார்கள். நாளைக் காலை பத்தரைக்குப் படகுதான் வந்துவிடுமே என்று நானும் சும்மா இருந்துவிட்டேன்.

வெள்ளி, காலை ஏழு மணி. சூசோக் நாள். ஊர் ஒலிபெருக்கி கரகரத்தது. கோயில் கொடைக்குப் பாட்டுப் போடுகிறார்கள் என்றே நினைத்தேன். காற்று பலமாக இருப்பதால் படகு சந்தேகம் என்று அறிவிக்கிறார்கள் என்றான் ரியாஸ். வீட்டுக்காரருக்கு ஊசியைப் போட்டுவிட்டு, இமோ காலைச் சாப்பாடு எடுத்து வைப்பதைப் பார்த்துவிட்டு, நானும் ரியாஸும் துறைக்கு விசாரிக்க இறங்கினோம். அலை துறையின் சுவரில் மோதித் தெருவரைக்கும் தெறித்தது.

எட்டு மணிக்கு வீட்டுக்காரரும் மற்ற பையன்களும் இறங்கி வந்தார்கள்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு ஆச்சு."

சாப்பிடவில்லை என்பது பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. மூடியைத் திறந்தால் சோற்றோடு சோறாகக் கடல் சிப்பியைப் போட்டு வடித்திருக்கிறார்கள். சூப்பில் நெத்திலி மிதந்திருக்கிறது. தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு, கரைக்குப் போய் ரொட்டி தின்றுகொள்ளலாம் என்று எழுந்து வந்திருக்கிறார். சொன்னால் நான் சத்தம் போடுவேன் என்று பொய். விரதம் கெடக்கூடாது, என்னிடம் ஏச்சும் வாங்கக்கூடாது. எங்கள் ஊர் ஆம்பளைகளின் சாமர்த்தியம் இவ்வளவுதான்.

எட்டேகாலுக்கு அறிவித்துவிட்டார்கள். இன்று படகு இல்லை. நாளையும் நிச்சயமில்லை. சரி, அறைக்குப் போகலாமென்று படியேறத் தொடங்கினோம். அறுபதாவது படியிலோ எழுபதாவது படியிலோ அவர் நின்றார். ரியாஸின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

"ஏப்பா, பஸ்ஸ ஏன் நிப்பாட்டிட்ட? இன்னும் உசிலம்பட்டி வரலையே?"

பையன்கள் சிரித்தார்கள். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். நான் அவர் முதுகில் கை வைத்தேன். அந்தக் குளிர் காற்றிலும் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கண் என்னைப் பார்த்தது, ஆனால் யாரென்று தெரிந்து பார்க்கவில்லை. கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டினேன். வெறும் மிட்டாய்க் காகிதங்கள் காற்றில் பறந்தன. நடுக்கடலில், படகு இல்லாத தீவில், என் வீட்டுக்காரர் என் கண்முன்னே போய்க்கொண்டிருக்கிறார் என்று புரிந்தது. நான் போட்ட ஊசியால்தான் போகிறார் என்பதும் புரிந்தது.

"என்னங்கம்மா ஆச்சு?"

"இனிப்பு வேணும்டா தம்பி, இப்பவே வேணும்!"

இரண்டு பையன்கள் அவரைத் தூக்கினார்கள். ஒருவனைச் சுகாதார நிலையத்துக்கு விரட்டினான் ரியாஸ். இமோவின் வீடுதான் பக்கம். உள்ளே கூடத்தில் தாழ்வான மேசை, மேலே ஒரு ஆணின் படம், மெழுகுவத்தி, பழம், கறி, மீன், நம் கொழுக்கட்டை மாதிரி பிடித்த அரிசிப் பண்டம். இமோ பட்டுடுத்தி அதன் முன்னால் மண்டியிட்டு முதல் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார். ரியாஸ் வாசலில் நின்றே கொரிய மொழியில் கத்தினான்.

அவர் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். படத்துக்கு முன்னால் வைத்திருந்த கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்து என்னிடம் நீட்டினார். அரிசியை ஊறவைத்துக் காய்ச்சிய இனிப்புத் தண்ணீர்.

என் கை நீளவில்லை. காக்கா எடுக்கும் முன்னால் படையலைத் தொட எங்கள் வீட்டில் பச்சைப் பிள்ளையைக்கூட விடமாட்டோம். செத்தவர் பசியோடு திரும்பிப் போனால் அந்தப் பசி வீட்டில் ஒருவரைக் கேட்கும் என்பது எங்கள் பயம். இது யாருடைய பங்கோ. அதை எடுத்து இவர் வாயில் ஊற்றவா? மூன்று தடவை கண் சிமிட்டும் நேரம் யோசித்திருப்பேன். அந்த நேரத்துக்காக இப்போதும் வெட்கப்படுகிறேன். பிறகு அவர் தாடையைப் பிடித்து ஒவ்வொரு வாயாக ஊற்றினேன். விழுங்கினார். கிண்ணம் காலியானதும் இமோ அந்தக் கொழுக்கட்டைகளையும் எடுத்துக் கொடுத்தார். எள்ளும் தேனும் வைத்திருந்தது.

கால் மணி நேரம் ஆனது. எனக்கு அது ஒரு ஆயுசு.

"என்னா புள்ள, எல்லாரும் என்னையவே பாக்குறீக?" என்றார்.

சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை எண்பத்திரண்டு. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று ஏதோ சொல்ல வந்தாள். அதற்கு மேல் ரியாஸ் எனக்கு மொழிபெயர்க்கவில்லை.

படத்தில் இருந்தவர் இமோவின் கணவர். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மீன்பிடிக்கப் போன படகு திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. வருடம் ஒருமுறை இந்த ஒரு கிண்ணம். ரியாஸை அவரிடம் மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். இமோ ஏதோ சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனார்.

"அடுத்த வருசம் ரெண்டு கிண்ணமா வச்சிட்டாப் போச்சுங்கிறாங்கம்மா" என்றான் ரியாஸ்.

எது யாருடைய கிண்ணம் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லக்கூடாதென்று எல்லாரையும் கேட்டுக்கொண்டேன்.

சனி, பகல் பன்னிரண்டு. காற்று அடங்கிப் படகு வந்தது. இமோ துறைவரை வந்து கையசைத்தார். இமோவின் கணவர் கிடக்கிற கடல் இது. அவர் பங்கைக் குடித்தவரை அவர் தலைக்கு மேலேயே ஏற்றிக்கொண்டு போகிறோம். அலை ஒவ்வொன்றும் படகைத் தட்டும்போது கேட்கிறாரோ என்று தோன்றியது. இரண்டரை மணி நேரமும் என் வீட்டுக்காரரின் சட்டையை விடாமல் பிடித்திருந்தேன். "கசங்குது புள்ள" என்றார். கசங்கட்டும் என்றேன்.

மதுரைக்குத் திரும்பிய பிறகும் பயம் விடவில்லை. அவர் தூங்கும்போது மூச்சு வருகிறதா என்று பார்ப்பேன். அந்த வாரத்திலேயே புரட்டாசி அமாவாசை வந்தது. மாமனாருக்கும் மாமியாருக்கும் இரண்டு இலை போடுவது வழக்கம். நான் மூன்றாவதாக ஒன்றைப் போட்டேன்.

"இது யாருக்கு?" என்றார்.

அப்போதுதான் சொன்னேன். படம், மேசை, முதல் கும்பிடு, கிண்ணம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். அவர் மூன்றாவது இலையின் முன்னால் உட்கார்ந்தார். சோறு, சாம்பார், வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயசம் என்று வரிசையாக வைத்திருந்தேன்.

"கடலுக்குப் போன மனுசனுக்குச் சாம்பார வச்சா அவரு என்னத்தப் புள்ள திம்பாரு?" என்றார்.

எழுந்து சட்டையை மாட்டினார். ஆணியில் தொங்கிய பையை எடுத்தார். அமாவாசையுமாய் புரட்டாசியுமாய் எங்கே கிளம்புகிறீர்கள் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். அதற்குள் வண்டி மீன் மார்க்கெட் பக்கமாகத் திரும்பியிருந்தது. நான் அடுப்பைப் பற்றவைத்துப் புளியை ஊறப்போட்டேன்.