ஒரு சிவப்பு இறகு

திண்டுக்கல் கோழிக் கண்காட்சியில்தான் அந்தச் சேவல்காரரைப் பார்த்தேன். காய்ந்த பனைமட்டை போன்ற உடம்பு. கட்டைவிரல்கள் மட்டும் தடித்திருந்தன. அவர் வளர்ப்பது அபூர்வமான பால்வெள்ளைச் சேவல். வேறு நிறம் கலந்து பொரியும் குஞ்சுகளின் கழுத்தை அந்த விரல்களாலேயே திருகிவிடுவாராம். எந்நேரமும் சேவலின் இறகுகளை ஊதி விலக்கி, உள்ளே பார்த்துக்கொண்டே இருந்தார்.

முதல் பரிசு அவருக்கு என்று அறிவித்தார்கள். அப்போதும் ஊதினார். இறக்கைக்கு அடியில் ஒரே ஒரு சிவப்பு இறகு தெரிந்தது.

"பிடுங்கிட்டா யாருக்குண்ணே தெரியப் போவுது?" என்றேன்.

"இறகைப் பிடுங்கிரலாம். ரத்தத்துல கெடக்கிறத எப்படிப் பிடுங்குவ?"

சொல்லிக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் சேவலின் கழுத்தைத் திருகினார். அது இறக்கையைப் படபடவென்று அடித்து அடங்கியது.

என் வாய் சும்மா இருக்கவில்லை. "கறிக்காவது ஆகும், எனக்குக் குடுங்கண்ணே."

பளாரென்று அறைந்தார். என் உதடு கிழிந்தது.

"ஏலே, கொன்னது நான். திங்கிறதுக்கு நீ யாரு?"

பரிசை வாங்காமலே கிளம்பிவிட்டார். திருப்பி அடித்தே தீருவது என்று பஸ் ஸ்டாண்டுவரை பின்னாலேயே ஓடினேன். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் கிடந்த செத்த சேவலின் இறகுகளை இன்னமும் ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தார்.