சிவப்புப் பேனாவின் மூன்று நாள் கெடு

சட்டைப் பையில் கசிந்திருந்த சிவப்பு மையைக் குளியலறையில் உட்கார்ந்து கசக்கிக்கொண்டிருந்தாள் மனைவி. வாரம் ஒரு சட்டை இப்படி வந்துவிடும். முப்பது வருஷம் அலுவலகத்தில் உறை ஒட்டி ஓய்வு பெற்ற அவள் கணவருக்குத் தெருவில் ‘சிவப்புப் பேனா’ என்றுதான் பெயர்.

ஆங்கிலத்தில் ஒன்றுபோலத் தெரியும் சொற்களைப் பிரித்துச் சொல்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அடிக்க ஆசைப்பட்டவர்கள் உண்டு. காய்ச்சலில் கிடந்த பக்கத்து வீட்டுக்காரரை நலம் விசாரிக்கப் போய், “அஃபெக்ட்னா பாதிக்கிறது, எஃபெக்ட்னா அதனால வர்ற விளைவு. புரியுதா?” என்று பாடம் நடத்திவிட்டு வந்தவர். அந்த வீட்டில் அப்புறம் கதவு திறப்பதில்லை.

வெளியே போகிற எந்தக் காகிதமும் அவர் மேசையில் மூன்று நாள் கிடந்தாக வேண்டும். முதல் நாள் எழுத்துப்பிழை. மறுநாள் ஒன்றுபோலத் தெரியும் இரட்டைச் சொற்கள். மூன்றாம் நாள் கடைசி வரியிலிருந்து மேலே படிப்பது. மளிகைச் சீட்டுக்கும் இதே மரியாதைதான். அதற்குள் வீட்டில் பருப்பு தீர்ந்துவிடும்.

பள்ளியில் தையல் ஆசிரியை வேலைக்கு அவள் ஆங்கிலத்தில் எழுதிய மனுவும் அங்கே போய்ப் படுத்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்ட ஒரே வேலை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது.

வெள்ளிக்கிழமை ஆறரைக்கு மனுவோடு குளியலறை வாசலில் வந்து நின்றார்.

“பதினோரு தப்பு! பள்ளிக்கூடத்துப் பிரின்சிபல் வேற, கொள்கைங்கிற பிரின்சிபல் வேற. நீ கொள்கைக்கு மனு போட்டிருக்க!”

“மணி ஆறரைங்க.”

“இருக்கட்டுமே. தப்போட குடுக்கிறதுக்குக் குடுக்காமயே இருக்கலாம்.”

“குடுத்தாச்சு. நேத்தே வேற தாள்ல எழுதி நானே கொண்டுபோய்க் குடுத்தேன். திங்கக்கிழமை வரச் சொல்லிட்டாங்க.”

வேலை கிடைத்தது அவர் காதில் ஏறவே இல்லை.

“அந்தப் பதினோரு தப்போடயா? படிச்சாங்களா?”

“ஒரு காலர் தைச்சுக் காட்டச் சொன்னாங்க. அதைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.”

அவர் முகம் சுண்டிப்போயிற்று. “கணவர் பேர்னு கேட்டிருப்பாங்களே. அதுல என் பேரையுமா எழுதின?”

அவள் சட்டையை உதறிப் பார்த்தாள். கறை பாதிதான் போயிருந்தது. போதும் என்று முறுக்கிப் பிழிந்து, வாளியில் போட்டாள். “கொஞ்சம் நகருங்க” என்று அவரை ஒதுக்கிவிட்டு மாடிக்குப் போனாள்.