ஏழாம் எண் மீன்

1984 நவம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது நாற்பது. ஏற்காட்டில் தூறல், பத்தடிக்கு மேல் எதுவும் தெரியாத மூடுபனி. பழைய எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்து சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார்கள். நாற்காலி வாங்கப் போன நான் பன்னிரண்டு மீன்களோடு திரும்பினேன்.

எல்லாம் படங்கள். நூறு வருஷத்துக்கு முந்தைய ஏதோ உயிரினப் புத்தகத்திலிருந்து பிரித்த தாள்கள். அச்சடித்துக் கையால் வண்ணம் தீட்டியவை. மீனுக்குக் கீழே லத்தீன் பெயர், மேல் மூலையில் எண். ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒன்றுகூட விடுபடவில்லை. முப்பத்தொரு வருஷம் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்தவனுக்கு அதுவே பெரிய அழகு. முதல் மீனின் செதில்களை எண்ணினேன்: இருநூற்றுப் பதினாறு. அன்றைக்கே ஹால் சுவரை அளந்து, வரிசைக்கு நான்காக மூன்று வரிசை, பன்னிரண்டு ஆணி அடித்துவிட்டேன்.

“ஏனுங்க, இது ஊடுங்களா, மீன் கடைங்களா?” என்றாள் மனைவி. ஆனாலும் நான் படங்களுக்குச் சட்டம் போடப் புறப்பட்டபோது, ஈரத்தில் முதுகு அட்டை ஊதிப்போன தன் முருகன் படத்தையும் கொடுத்தனுப்பினாள்.

கடைக்காரர் பத்து நாள் என்று சொல்லிப் பத்தொன்பதாம் நாள் தந்தார். முருகன் வந்தார். மீன்கள் பதினொன்றுதான் வந்தன. நான்கு முறை எண்ணினேன்.

“ஏழாம் நம்பர் எங்கேங்க?”

“மீசை வெச்ச மீனுங்களா? மூலையில பூச்சி அரிச்சிருந்துச்சுங்க சார். மாட்டுனா உங்களுக்குத்தான் அசிங்கம். முருகன் முதுகுல ஒட்டிட்டனுங்க. தாளு நொம்ப கெட்டி! பூச்சி வராம துத்தம் கலந்த மைதாப் பசை. அம்பது வருஷத்துக்கு அசையாதுங்க.”

அதற்குக் கூலி மூன்று ரூபாய் கேட்டார். கொடுத்தேன்.

வீட்டில் நான் குடையை மடித்து வைப்பதற்குள் முருகனுக்குப் பொட்டும் பூவும் ஏறிவிட்டன. விஷயத்தைச் சொல்லி, வெந்நீர் ஆவியில் காட்டினால் உரிந்துவிடும் என்றேன்.

“பூசை பண்ணின சாமியை ஆவியில வேக வெக்கறதுங்களா? கையை வெச்சுப் பாருங்க.”

ஒன்பது நாள் இரண்டாம் வரிசையின் மூன்றாம் ஆணி வெறும் ஆணியாக இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட முடியாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அப்போதும் அது அங்கே இருப்பது தெரிந்தது. பத்தாம் நாள் யோசனை வந்தது. முருகனையே அந்த ஆணியில் மாட்டினால், அவர் முதுகில் ஏழாம் மீன், கணக்கு நேராகிவிடும்.

மனைவி யோசித்தாள். “மாட்டிக்கங்க. ஆனா சாமிக்கு முன்னால மீன் கொழம்பு சாப்பிடக் கூடாது.”

“சமையல்கட்டில் உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.”

“அதுவும் அவரு ஊடுதானுங்க. மீனா, படமா, எது வேணும்னு சொல்லிப்போடுங்க.”

ஞாயிறுதோறும் மேட்டூர் மீன் கடைவீதிக்கு வரும். வாரம் ஒரு கிலோ, எட்டுத் துண்டு, ஐந்து எனக்கு. ஆணியைப் பார்த்தேன். ஒப்புக்கொண்டேன்.

அன்று மாலை அவள் ஹாலில் கற்பூரம் காட்டும்போது வந்த பக்கத்து வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு படங்களையும் சேர்த்துக் கும்பிட்டார். நான் தடுக்கவில்லை.

படங்கள் 120 ரூபாய். பதினொரு சட்டம், கண்ணாடியோடு 159.50. முருகன் முதுகுக் கூலி 3. ஆணி 60 காசு. ஹாலுக்குக் குடிவந்த முருகனுக்குத் தேங்காய், பூ, கற்பூரம் 4.25. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பைச் சேர்க்காமல், ஆக மொத்தம் ரூ. 287.35.