பொருந்தாத அறுபது கிலோமீட்டர்

அலுவலகத்தில் அவளுக்கு எடைக்காரி என்று பெயர். காய்கறி நிறுக்கிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். அவள் நிறுப்பது கடலுக்கு அடியில் கிடக்கும் பாறையை. கப்பலில் வைத்த கருவி, போகிற வழியெல்லாம் ஈர்ப்புவிசை கூடுகிறதா, குறைகிறதா என்று குறித்துக்கொண்டு வரும். கோடிக்கணக்கான வருஷங்களுக்கு முன்னால் ஒரு கண்டம் இழுபட்டு, மெலிந்து, பிய்ந்துபோன இடம் அந்தக் கடல். பூமியின் மேலோடு மெலிந்த இடத்தில் அடியிலிருக்கும் கனத்த பாறை மேலேறி நிற்கும். அங்கே எடை கூடும்.

பக்கத்து மேசை அவள் வீட்டுக்காரருடையது. அவர் கோட்டுக்காரர். கடலடிக்கு அதிர்வை அனுப்பி, திரும்பி வந்த எதிரொலிகளைத் திரையில் படமாக வைத்துக்கொண்டு, மேலோடு எந்த ஆழத்தில் முடிகிறது என்று கண்ணாலேயே பார்த்துக் கோடு போடுவார். அந்தக் கோட்டை வைத்து அவள் எடையைக் கணக்கிடுவாள். கப்பல் அளந்ததோடு பொருந்தினால் சரி. பொருந்தாவிட்டால் மல்லுக்கட்டுதான், இருபத்தாறு வருஷமாக. தன் கோடுதான் சரி என்று அவர் ஒற்றைக்காலில் நிற்பார். அவளும் லேசில் விடுகிற ஆள் இல்லை.

இந்தத் தடவை அறுபது கிலோமீட்டர் தூரத்துக்குப் பொருந்தவே இல்லை. அறிக்கை இருவர் பெயரிலும் வெள்ளிக்கிழமை போயாக வேண்டும். அவள் தன் கணக்கை மூன்று முறை சரிபார்த்தாள். ஒரு பிசகும் இல்லை. மனுஷனை இன்றைக்கு விடுவதில்லை என்று, அவர் டீ வாங்கப் போன நேரம் பார்த்து அவர் திரையின் முன்னால் உட்கார்ந்தாள்.

எதிரொலி பளிச்சென்று இருந்த இடமெல்லாம் கோடு அச்சுப் பிசகாமல் போயிருந்தது. மங்கலான இடம் வந்ததும் குத்துமதிப்பாக நேரே இழுத்துவிட்டிருந்தார். அங்கேயும் எதிரொலி இருந்தது, கோட்டுக்குச் சற்று மேலே, மெல்லியதாக. இந்த வேலையில் கத்துக்குட்டியான அவளுக்கே தெரிகிறது. படத்தை வேறு நாலு மடங்கு பெரிதாக்கி வைத்திருந்தார். வீட்டில் பேப்பர் படிப்பதை நிறுத்தியபோது, "எல்லாம் புளுகு, எவன் படிப்பான்" என்றாரே, அதை நம்பித் தொலைத்தோமே!

கோட்டுக்காரர் இரண்டு டீயோடு வந்தார். தன் நாற்காலியில் அவளைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏங்க, கண்ணு எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"ஏழு மாசமா. நேரா பாத்தா மங்குது."

"என்கிட்ட சொல்லக்கூடாதா?"

"சொல்ல வாய் வரலை. வேலைய விடச் சொல்லிடுவாங்களோன்னு பயம்." டீயை மேசைமேல் வைத்தார். "அந்த இடத்துல எனக்கு ஒண்ணுமே தெரியலை. தோராயமாப் போட்டு அனுப்பிட்டேன். எப்படியும் உன் கணக்குல மாட்டும்னு தெரியும்."

மாட்டிக்கொள்வதற்காகவே அனுப்பியிருக்கிறார். அவள் மேல் இத்தனை நம்பிக்கையா இந்த மனுஷனுக்கு? திட்டவும் தோன்றவில்லை, அழவும் முடியவில்லை. போனை எடுத்து மேலதிகாரியை அழைத்தாள்.

"சார், அறிக்கைக்கு இன்னும் ஒரு வாரம் வேணும். என் கணக்குல தப்பு பண்ணிட்டேன்."

கோட்டுக்காரர் திகைத்துப்போய்ப் பார்த்தார். "உன் கணக்கு சரியாத்தானே இருந்துச்சு?"

"பேசாம வாங்க," என்று பையை எடுத்தாள். "கண் டாக்டர் ஆறு மணி வரைக்கும்தான் இருப்பாரு."