அப்பா அளந்த வண்டி

வண்டி வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்ப்பார்கள், மைலேஜ் கேட்பார்கள், டயரை உதைத்துப் பார்ப்பார்கள். எங்கள் அப்பா அளந்து பார்த்தார். அம்மாவின் தையல் டேப்பைச் சட்டைப் பையில் சுருட்டி வைத்துக்கொண்டு, அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஷோரூமுக்குப் போனார். பக்கவாட்டில் நகரும் கதவு எவ்வளவு அகலம் திறக்கிறது, தரையிலிருந்து வண்டியின் தளம் எவ்வளவு உயரம், உள்ளே எவ்வளவு இடம் என்று ஒவ்வொன்றாக அளந்து, பேப்பரிலிருந்து வெட்டியெடுத்த விளம்பரத்தின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. எனக்குப் பதினொரு வயது. ஷோரூமில் இருந்தவர்கள் பார்க்கிறார்களே என்று கூனிக் குறுகிப்போவேன்.

கல்கத்தாவில் பெஹாலா பக்கம் ஒரு வீட்டின் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குத் துறைமுகத்தில் உத்தியோகம். இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருஷம் ஆகியிருக்கும். என்னோடு படித்த பெண்களின் வீடுகளுக்கு ஒவ்வொன்றாகச் சின்னக் கார்கள் வந்துகொண்டிருந்தன, சிவப்பிலும் வெள்ளியிலும். எங்கள் வீட்டிலும் கார் வாங்கப் போகிறோம் என்று அப்பா சொன்ன மறுநாளே வகுப்பில் பாதிப் பேருக்கு அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் அப்பா காட்டிய விளம்பரத்தில் இருந்தது கார் இல்லை, வேன்.

அந்த வருஷம்தான் அது புதிதாக வந்திருந்தது. சின்னக் கார் விலையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் போதும், ஏழு பேர் போகலாம் என்றது விளம்பரம். படத்தில் ஏழு பேர் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டிருந்தார்கள். நாங்களோ நாலே பேர்: அப்பா, அம்மா, நான், எட்டு வயதுத் தம்பி. வண்டியும் பார்க்க ரொட்டி டப்பா மாதிரி இருந்தது. பதினைந்து பிள்ளைகளை அடைத்துக்கொண்டு என் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பூல் காருக்கும் அதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. உன் அப்பா பூல் கார் ஓட்டப் போகிறாரா என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்பதுதான் அப்போது எனக்கிருந்த ஒரே கவலை.

கீழே குடியிருந்த வீட்டுக்காரரை நாங்கள் காக்கு என்று கூப்பிடுவோம், வங்காளத்தில் சித்தப்பா. ரிட்டயர் ஆனவர், எல்லா வண்டிகளைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ளவர். அவர் விளம்பரத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தளம் இவ்வளவு தாழ்வாக இருந்தால் மழைக்காலத்தில் பெஹாலாவில் ஓட்டவே முடியாது, ஒரு மணி நேரம் அடித்துப் பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும் என்றார். தாழ்வாக இருப்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது என்று அப்பா சொன்னார். காக்குவுக்கு அந்தப் பதில் புரியவில்லை. எனக்கும்தான்.

காக்குவுக்குத் தம்பி என்றால் உயிர். அவனுடைய ஆடுசதை வயதுக்கு மீறித் திரண்டு உருண்டிருக்கும். அதைப் பிடித்துப் பார்த்து, இது ஃபுட்பால்காரன் கால், ஒருநாள் இந்த ஊருக்கே கோல் போடுவான் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அப்படிச் சொல்லும்போதெல்லாம் அம்மா ஏதோ வேலை ஞாபகம் வந்தவள் போல மாடிக்குப் போய்விடுவாள். இத்தனைக்கும் தம்பி ஓடவே மாட்டான். கால் விரல்களில் ஊன்றி, வயிற்றைத் தள்ளிக்கொண்டு நடப்பான். கீழே உட்கார்ந்தால், முழங்காலில் கை வைத்து, பிறகு தொடையில் கை வைத்து, தன் மேலேயே ஏறுகிறவன் மாதிரி எழுந்து நிற்பான். நான் அதேபோல் எழுந்து காட்டி அவனைக் கேலி செய்வேன். அவனும் சேர்ந்து சிரிப்பான். போன லீவில் மதராஸில் ஒரு டாக்டரிடம் அவனைக் காட்டியபோது தொடையில் துளி சதை வெட்டிப் பார்த்தார்கள். உடம்பில் சத்து போதவில்லை என்று பிள்ளைகள் எங்கள் இருவரிடமும் சொன்னார்கள். தையல் போட்ட இடத்தைத் தம்பி எல்லோரிடமும் பெருமையாகக் காட்டிக்கொண்டிருந்தான்.

வேன் வேண்டாம் என்பதில் அம்மா உறுதியாக இருந்தாள். சின்னக் கார் போதும் என்றாள். அப்பா அந்த விளம்பரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொள்வார். ஒருநாள் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவை அளந்தார். பிறகு படுக்கையறைக் கதவை. டேப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று தம்பியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். அடுக்களையிலிருந்து வந்த அம்மா அதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

“எதுக்கு இப்பவே இதெல்லாம்? அவன்தான் நடக்கிறானே” என்றாள்.

தம்பியின் பள்ளிக்கூடம் எங்கள் தெருமுனையிலேயே இருந்தது. அவன் நடந்தே போய்விடுவதால் வேன் தேவையில்லை என்று அம்மா சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். நல்ல வாதமாகத்தான் பட்டது. நானும் அம்மா கட்சி என்று அங்கேயே அறிவித்தேன்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அம்மாவும் ஷோரூமுக்கு வர ஒப்புக்கொண்டாள். சின்னக் காரையும் பார்க்க வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. டை கட்டிய வங்காளி இளைஞர் ஒருவர் முதலில் சிவப்பு நிறச் சின்னக் காரின் கதவைத் திறந்துவிட்டார். அம்மா முன்னால் உட்கார்ந்தாள். தம்பியும் நானும் பின்னால். புது வண்டியின் வாசனை, பிளாஸ்டிக் உறை கழற்றாத ஸீட், பட்டனை அழுத்தினால் இறங்கும் கண்ணாடி. இறங்கவே எனக்கு மனம் வரவில்லை. கார் அழகாக இருக்கிறது என்று அம்மாவும் சொன்னாள். விஷயம் முடிந்தது, சிவப்புக் கார்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது தம்பி தன் பக்கக் கதவு வழியாக இறங்கப் பார்த்தான்.

ஸீட் தாழ்வாக, உள்வாங்கினாற்போல் இருந்தது. அவன் கால்களை வெளியே போட்டு, கதவைப் பிடித்து எம்பினான். இடுப்பு எழும்பவில்லை. மறுபடி எம்பினான், மறுபடி ஸீட்டிலேயே விழுந்தான். மூன்றாவது தடவை விழுந்ததும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். “சோம்பேறி” என்றேன். என்ன ஹீரோ, இறங்க மனசில்லையா என்று இந்தியில் கேட்டுக்கொண்டே அந்த இளைஞர் அவன் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார். தம்பியின் தோள்கள்தான் காது வரைக்கும் மேலே போயின. உடம்பு அவர் கைகளுக்குள்ளிருந்து கீழே நழுவியது. அப்பா ஓடிவந்து, இடுப்பில் கை போட்டு, அவனைப் பதவிசாகத் தூக்கி நிறுத்தினார். தூக்கிய வேகத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது.

அம்மா முன் ஸீட்டிலிருந்து இதையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கி, ஷோரூமின் மறுகோடியில் நின்ற வேனுக்கு நேராக நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். நகரும் கதவைத் தானே தள்ளித் திறந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். இளைஞர் மைலேஜ், ஏசி என்று ஆரம்பிக்க, அவள் குறுக்கிட்டாள். கடைத்தெருவில் கற்றுக்கொண்ட தன்னுடைய வங்காளத்தில், “மாஜேர் ஸீட்டா கோலா ஜாய்?” என்று கேட்டாள். நடு ஸீட்டைக் கழற்ற முடியுமா?

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளாக எத்தனையோ கேள்வி கேட்ட அப்பா இந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்டதே இல்லை. கழற்றலாம், நாலு போல்ட்தான், எந்த மெக்கானிக்கும் செய்து கொடுப்பான் என்றார் இளைஞர். சாமான் ஏற்றவா, ஏதாவது வியாபாரமா என்று மரியாதையாகக் கேட்டார். இல்லை, வீட்டுக்குத்தான் என்றாள் அம்மா. பிறகு அப்பா பக்கம் கையை நீட்டினாள்.

“டேப்பைக் குடுங்க.”

அவளே குனிந்து, கதவு திறக்கும் அகலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அளந்தாள். “இருபத்தெட்டு இன்ச். பத்துமா?”

“பத்தும்” என்றார் அப்பா. சொல்லிவிட்டு, பின் சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் ரோட்டையே பார்க்காத அந்த டயரை வெகுநேரம் ஆராய்ந்துகொண்டிருந்தார்.

வெள்ளை நிற வேனுக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். ஏழு பேர் போகிற வண்டியை வாங்கி, அதில் இரண்டு பேர் இடத்தைக் கழற்றிப் போடுவதாவது! வெளியே டாக்ஸிக்கு நிற்கும்போது, ஸீட்டை எடுத்துவிட்டு அங்கே என்ன வைக்கப் போகிறோம் என்று அம்மாவிடம் கேட்டேன். நீங்க ரெண்டு பேரும் விளையாடத்தான் என்றாள். தம்பிக்கு ஏக சந்தோஷம்.

அந்த நடு ஸீட் இரண்டு வருஷம் வண்டியிலேயே இருந்தது. அதற்குள் யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை; தம்பியின் தசைகளைத் தின்னும் நோயின் அடையாளம்தான் அந்தத் திரண்ட ஆடுசதை என்று தெரிந்துவிட்டது. தம்பிக்குச் சக்கர நாற்காலி வந்த வாரம் அப்பாவும் ஒரு மெக்கானிக்கும் அந்த ஸீட்டைக் கழற்றி மாடிக்கு எடுத்துப் போனார்கள். ஒரு பலகையைச் சாய்த்துப் போட்டால் நாற்காலி நேராக உள்ளே போனது, இரு பக்கமும் ஒரு விரல் இடம் மிச்சம். அந்த வேனில் உட்கார்ந்தபடியே தம்பி ஒவ்வொரு துர்கா பூஜைக்கும் ஊரிலிருந்த பந்தல்களையெல்லாம் பார்த்தான். புத்தகக் கண்காட்சிக்குப் போனான். மழைத் தண்ணீர் உள்ளே வந்த நாட்களில் சக்கரம் நனைவதைப் பார்த்து, கப்பல் கிளம்பிவிட்டது என்று கத்தினான். அவன் இருந்த வரைக்கும் அந்த வண்டியும் ஓடியது.

ஆனால் ஷோரூமிலிருந்து திரும்பிய அந்த மத்தியானம் இதில் எதுவும் எனக்குத் தெரியாது. மஞ்சள் டாக்ஸியில் அப்பா டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வீடு வரும்வரை ஜன்னல் பக்கமிருந்து முகத்தைத் திருப்பவே இல்லை. அம்மா பின்னால் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, தம்பியின் காலை எடுத்துத் தன் மடியில் போட்டு, அவன் ஷூவின் லேஸை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தாள். வழியெல்லாம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. இத்தனை நாள் நடந்த வண்டிச் சண்டையில் அம்மா தோற்றுவிட்டாள், அதுதான் கோபம் என்று நான் முடிவு செய்தேன். அம்மாவின் முதுகுக்குப் பின்னால் சாய்ந்து, அப்பா ஜெயித்துவிட்டார் என்று தம்பியின் காதில் ரகசியமாகச் சொன்னேன். அவனும் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினான்.