புகை தெரியாத வீடு

எங்கள் ஊரில் படகு கரைக்குத் திரும்பும்போது ஆம்பளைகள் முதலில் பார்ப்பது புகையைத்தான். ஏரிக்குள்ளிருந்து பார்த்தால் வீடுகளுக்குள் வித்தியாசம் தெரியாது. எல்லாம் கவர்ன்மெண்டு கட்டிக்கொடுத்தவை, ஒரே அச்சு. எந்த வீட்டுப் பின்பக்கம் புகை எழும்புகிறது என்பதை வைத்து அவரவர் வீட்டை அவரவர் கண்டுபிடித்துக்கொள்வார்கள். போன் தண்ணீரில் விழுந்துவிடும் என்று வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால் புகை தெரிந்தால் நிம்மதி, சோறு வேகிறது என்று அர்த்தம். தெரியாவிட்டால் மனசு அடித்துக்கொள்ளும். எங்கள் பக்கம் அடுப்பு மூட்டாத வீடு என்றால் அது சாவு வீடு. சாவு விழுந்தால் காரியம் முடிகிறவரை அந்த வீட்டில் அடுப்பு எரியக்கூடாது, சொந்தக்காரர்கள்தான் சோறு கொண்டுவந்து போடுவார்கள்.

என் வீட்டுக்காரர் என் புகையை எவ்வளவு தூரத்திலிருந்தும் அடையாளம் சொல்லுவார். ஊரிலேயே கோபமாகப் போகிற புகை உன்னுடையதுதான் என்று கேலி செய்வார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அவசரக்காரி. வேலிகாத்தான் கட்டையை அடுப்பு வாய் கொள்ளாமல் திணிப்பேன். பச்சையா காய்ந்ததா என்று பார்க்கிற பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. பற்றவைக்கக் கிழிந்த வலைத்துண்டு. அது எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உள்ள பழக்கம். நைலான் வலை தீக்குச்சியைக் காட்டினதும் பிடித்துக்கொள்ளும், மண்ணெண்ணெய் தேவையில்லை. ஏரிக்காற்று அணைத்துவிடும் என்று வீட்டை ஒட்டின சாய்ப்பில் மூலையாகப் பார்த்து அடுப்பை வைத்து, சுற்றிலும் தார்ப்பாய் கட்டிவிடுவோம். காற்றை நம்பிப் பிழைக்கிற ஜனங்கள், சமைக்கிற இடத்தில் மட்டும் காற்றை அண்ட விடமாட்டோம். புகை உள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து ஒரு வழியாக வெளியே போகும். கண் எரிந்தால் முந்தானையால் துடைத்துக்கொண்டு குழம்பைக் கிளறுவோம்.

கேஸ் இல்லாமல் இல்லை. சிலிண்டர் தீர்ந்தால் அடுத்தது வர நாளாகும் என்று டீக்கும் அவசரத்துக்கும் மட்டும் வைத்திருந்தேன்.

வலை இழுக்கும்போது அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. பீடியைக் குறை என்று திட்டினேன். பிறகு படகு கட்டுகிற ரேவிலிருந்து வீடு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார். மெட்ராஸில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நுரையீரல் ரொம்பக் கெட்டுப்போய்விட்டது என்று டாக்டர் சொன்னார். பீடி பற்றிக் கேட்டுவிட்டு, வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்றும் கேட்டார். வேலிகாத்தான், பற்றவைக்க வலைத்துண்டு என்றேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அது பிளாஸ்டிக் அம்மா என்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஊரே எரிக்கிறது, இத்தனை காலத்தில் யாராவது வந்து ஒரு வார்த்தை சொன்னார்களா? பீடியால் வந்ததா, என் அடுப்பால் வந்ததா என்று மறுபடி மறுபடி கேட்டேன். அதைப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார் டாக்டர். பிரித்துச் சொல்லியிருந்தால் பீடியையோ என்னையோ ஒன்றைத் திட்டியாவது அழுதிருப்பேன்.

வார்டில் அவர் கட்டிலுக்கு எதிரில் சுவர். அடுத்த கட்டில்காரர் ஒரு விடியற்காலை போய்விட்டார், துணி போட்டு மூடித் தள்ளிக்கொண்டு போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“இங்க வாணாம்மே. போறதுன்னா ஏரியப் பாத்துக்கினே போறேன்.”

ஆரம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் பெண் அலைந்து திரிந்து ஆக்ஸிஜன் மெஷின் ஒன்றை வாடகைக்கு எடுத்தாள். அனுப்பும்போது நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மெஷின் இருக்கிற அறையில் நெருப்பே கூடாது, சாமி விளக்குகூட வேண்டாம் என்றாள். புகையும் போகக்கூடாது. புகை போனால் மூச்சு அடைக்கும், அடைத்தால் திரும்ப இந்த வார்டுதான், அப்புறம் வீட்டுக்கு வருவது கஷ்டம் என்றாள். ஆக என் வேலை ஒன்றே ஒன்று. புகையை அவரிடம் அண்டவிடாமல் இருந்தால் அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஏரியைப் பார்த்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டோம். பகலில் காற்று ஏரியிலிருந்து வீட்டுப்பக்கம் அடிக்கும். அதனால் அடுப்பை வீட்டுக்குப் பின்னால், வேலி ஓரமாகக் கொண்டுபோனேன். தார்ப்பாயைப் பிரித்தேன், சாய்ப்பையே பிரித்துப் போட்டேன். வீடே ஒற்றை அறை, அதனால் கேஸ் அடுப்பையும் வெளியே வைத்துப் பார்த்தேன். அடித்த காற்றில் அது நின்று எரியவே இல்லை. விறகுதான் கதி என்றானது.

அன்றைக்கு ஆரம்பித்தது அடுப்போடு எனக்குச் சண்டை. முதல் நாள் பழக்க தோஷத்தில் திணித்தேன். வந்த புகை சுவரைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் போனது. உள்ளே இருமல் கேட்டது. மண்ணை வாரிக் கொட்டிவிட்டு ஓடினேன். அன்றைக்குப் பக்கத்து வீட்டுச் சோறுதான்.

அப்புறம் நிதானமாகப் பார்க்க ஆரம்பித்தேன். கட்டையைக் கத்தியால் விரல் தடிமனுக்குப் பிளந்து மொட்டைமாடியில் போட்டு, ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று கேட்கிறவரை காயவிட்டேன். வலைத்துண்டை நிறுத்தினேன், பற்றவைக்கச் சவுக்கு மிலாறுக் குச்சியும் பனையோலையும் போதும். பழைய நங்கூரத்திலிருந்து இரண்டு கம்பியை எடுத்து அடுப்புக்குள் போட்டு அதன்மேல் விறகை வைத்தேன். கீழே காற்று புகுந்ததும் தீ நாக்கை நீட்டிக்கொண்டு எரிந்தது. இரண்டு மூன்று குச்சிக்குமேல் வைக்கக்கூடாது, நுனி எரிய எரிய உள்ளே தள்ளினால் போதும். அரிசியை ஊறவைத்து, மூடிபோட்டு, கொதி வந்ததும் விறகை வெளியே இழுத்துவிட்டால் மிச்சத்தைத் தணல் பார்த்துக்கொள்ளும். இழுத்த விறகில் தண்ணீர் தெளித்தால் குபீரென்று புகையும், அதனால் மணலில் செருகி அணைப்பேன். முந்தானையை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு, பக்கத்தில் ஒரு சட்டி மணலும் வைத்துக்கொண்டு உட்காருவேன். தணலை மட்டும் எந்தக் குளிரிலும் வீட்டுக்குள் கொண்டுபோனதில்லை. ஒரு கட்டு விறகு முன்னே ஓடினதைப்போல இரண்டு பங்கு நாள் ஓடியது. சட்டியின் அடி கரி பிடிக்கவில்லை. திருட்டுத்தனமாக கேஸில் சமைக்கிறாயா என்று பக்கத்து வீட்டுக்காரி எட்டிப்பார்த்தாள். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது. பேரப்பிள்ளை எடுத்த வயதில் அடுப்பு மூட்டக் கற்றுக்கொண்டேன்.

அவர் மூச்சு அடைக்காமல் நாள் ஓடியது. ஆனால் சாப்பாடு குறைந்துகொண்டே வந்தது. தட்டை வைத்தால் யார் வீட்டுச் சோறு என்று கேட்பார். ருசியைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்து, என் வீட்டுச் சோறுதான், வாயிருந்தால் தின்னலாம் என்று வெடுக்கென்று சொல்லிவிடுவேன்.

அவரோடு சேர்ந்து வலை இழுத்த கூட்டாளி ஒருவர் உண்டு. படகு கட்டினதும் ஜன்னலோரம் நின்று, இறால் பட்டதா, காற்று எப்படி என்று பேசிவிட்டு, குழம்புக்கு மீன் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் அப்படி நின்றவர், உங்கள் வீட்டில் கொஞ்ச நாளாகப் புகையே காணோமே, அண்ணி அடுப்பே மூட்டுவதில்லையா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். நான் பின்னாலிருந்து சோற்றுப்பானையோடு வருவதற்குள் அவர் போய்விட்டார். கட்டிலில் இவர் கண்ணில் தண்ணீர் வழிந்து மூக்கிலிருந்த குழாயை நனைத்துக்கொண்டிருந்தது.

மூச்சு அடைக்கிறதா என்று பதறிப்போய்க் கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார்.

“ஏரிலேர்ந்து பாக்கறவனுக்கு இது சாவு வூடுமே. நா இன்னும் சாவலமே.”

பானையை அவர் முன்னால் கொண்டுபோய், பாருய்யா, கொதிக்கிறது, நான்தான் பின்னால் உட்கார்ந்து ஆக்கினேன், உனக்காகத்தான் புகை வராமல் எரிக்கிறேன் என்று சொன்னேன். பானையைத் தொட்டுப் பார்த்தார். தெரியும் என்றார். எனக்குத் தெரிந்து என்ன பிரயோஜனம், ஏரியில் இருக்கிறவனுக்குத் தெரியவேண்டாமா என்று அவர் முகம் சொன்னது. நான் வேலி ஓரம் போய் உட்கார்ந்து அழுதேன். இத்தனை நாள் பெருமையோடு எரித்த அடுப்பைக் காலால் எட்டி உதைக்கலாம் போலிருந்தது.

மறுநாள் காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் வாசலில் நின்று பார்த்தேன். அந்த நேரத்துக்குக் காற்று தரையிலிருந்து ஏரிக்குள் போகும். ஜன்னலுக்கு நேராக, தண்ணீர் ஓரத்தில் மூன்று செங்கல்லை வைத்தேன். மறந்திருந்த பாவத்தையெல்லாம் மறுபடி செய்தேன். பச்சை வேலிகாத்தான் கிளை, ஈரத் தேங்காய் மட்டை, வாய் கொள்ளாமல் திணிப்பு. வலைத்துண்டை மட்டும் தொடவில்லை. புகை திரண்டு எழுந்து ஏரிக்குள் போனது. திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். அவர் கையைத் தூக்கிக் காட்டினார்.

அதன்பிறகு எனக்கு இரண்டு அடுப்பு. பின்னால் சோற்றுக்கு ஒன்று, முன்னால் அவருக்கு ஒன்று. விஷயம் தெரிந்து பெண் போனில் கத்தினாள், நைனாவைக் கொல்லப்போகிறாயா என்று. உன் நைனாதான் காற்றுப் பார்த்துச் சொல்கிறார் என்றேன். அது நிஜம். கட்டியிருக்கிற படகுகளின் கொடியைப் படுத்தபடியே பார்த்து, இப்போது போ என்பார், இல்லை நில் என்பார். காற்று சரியில்லாத நாளில் அவரே வேண்டாம் என்றுவிடுவார். நானும் மணல் சட்டி இல்லாமல் போகமாட்டேன், காற்று கொஞ்சம் தயங்கினாலும் மூடிவிடுவேன். பைத்தியக்காரி என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கூட்டாளி வந்து, ஏரி நடுவில் இருக்கிற திட்டுக்கு அந்தாண்டையிலிருந்தே உன் வீட்டுப் புகை தெரிந்தது அண்ணே என்று சொன்ன அன்றைக்கு அவர் இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வாடைக்காற்று ஆரம்பித்த சமயம். அன்று காலை கொடியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இப்ப போமே, சரியா கீது” என்றார். போய் மூட்டினேன். கிளை ஈரமாக இருந்ததால் புகை பிடிக்கக் கொஞ்சம் நேரமானது. நன்றாக எழுந்ததும் திரும்பிப் பார்த்தேன். கை உயரவில்லை. கண் அயர்ந்திருப்பார் என்று இன்னும் கொஞ்சம் திணித்தேன். மறுபடி பார்த்தேன். அப்புறம் ஓடினேன்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. ஏரியைப் பார்த்துக்கொண்டேதான் போயிருக்கிறார். ஆசைப்பட்டபடியே போய்விட்டார் என்று எல்லாரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். அந்த நேரத்தில் நான் பக்கத்தில் இல்லையே என்று என் நெஞ்சு வெடித்தது, இப்போதும் வெடிக்கிறது.

சொந்தக்காரப் பெண்கள் வந்ததும் முதல் காரியமாக அடுப்பை அணைக்கப் பின்பக்கம் போனார்கள். அங்கே முந்தின நாள் சாம்பல்தான் இருந்தது. அடுப்பு மூட்டவில்லை, நல்லதாய்ப் போயிற்று என்று சொல்லிக்கொண்டு வந்தார்கள். தண்ணீர் ஓரத்தில் மூன்று செங்கல் நடுவில் ஈரக்கிளை புகைந்துகொண்டே இருந்தது. அதை ஒருவரும் அடுப்புக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் பார்த்தேன், சொல்லவில்லை.

கூட்டாளி கரையேறும்போது வாசலில் கூட்டம் நிறைந்துவிட்டது. கையில் மடவை மீன் கோத்த ஓலையோடு, ஈரக் கைலியோடு என் முன்னால் வந்து நின்றார்.

“பொக தெரிஞ்சுதே அண்ணி. அண்ணன் நல்லா கீதுன்னுதான் இன்னொரு வல உட்டுட்டு வந்தேன்.”

நான் தலையாட்டினேன். அடுப்பு எரியக்கூடாத வீட்டில் அந்த மீனை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவர் அதைப் பிடித்துக்கொண்டே நின்றார்.